இடது கைப் பெருவிரல்

சிறையிலிருந்து வந்த வக்காலத்தை மேசை மேல் வைத்த குமாஸ்தா, போகாமல் அங்கேயே நின்றார்.

"சார், இந்தப் பையன் கையெழுத்துப் போடுவானே?"

எடுத்துப் பார்த்தேன். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஊதா மையில் ஒரு ரேகை. பக்கத்தில் 'இடது கைப் பெருவிரல்' என்று யாரோ எழுதியிருந்தார்கள். கைதி எங்கள் முன்னிலையில் வைத்தது என்று சிறை அலுவலகம் முத்திரை குத்திச் சான்று அளித்திருந்தது. மூன்று மாதத்துக்கு முன் அதே பையன் அதே சிறையிலிருந்து அனுப்பிய முதல் வக்காலத்து வழக்குக் கட்டில் இருந்தது. பத்தாம் வகுப்பில் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி எழுதிப் பழகிய கையெழுத்து: இனிஷியல், பெயர், கீழே ஒரு கோடு, கோட்டுக்கு அடியில் இரண்டு புள்ளிகள்.

கைநாட்டாகச் சிறைக்குப் போனவர்கள் அங்கே எழுத்துக் கற்றுக்கொண்டு வெளியே வந்ததைப் பார்த்திருக்கிறேன். கையெழுத்தோடு போனவன் கைநாட்டானதை அதற்கு முன் பார்த்ததில்லை.

இது 2012-இல் நடந்தது. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலுமாகக் குற்றவியல் வழக்குகள் நடத்திக்கொண்டிருக்கும் எனக்கு அப்போதே கணிசமான அனுபவம். நான் கறுப்பு அங்கி போட்ட புதிதில் செஷன்ஸ் வழக்கு என்றால் கடலூருக்குப் போக வேண்டும். 1993-இல் தென்னாற்காட்டைப் பிரித்து விழுப்புரத்தை மாவட்டத் தலைநகராக்கிய பிறகுதான் பஸ் பயணம் பாதியாகக் குறைந்தது. சிறை எந்த ஊர் என்பதை எழுதப் போவதில்லை. அங்கே இருந்தவர்களில் சிலர் இன்னும் பணியில் இருக்கிறார்கள், சிலர் இன்னும் உள்ளே இருக்கிறார்கள்.

பையன் மரக்காணம் பக்கத்துக் கிராமம். அம்மா உப்பளத்தில் கூலி. மாசித் திருவிழாவில் கரகம் எந்தத் தெரு வழியாகப் போவது என்று இரண்டு தெருக்களுக்குள் மூண்ட சண்டையில் ஒருவர் மண்டை உடைந்தது. ஏழு பேர் மேல் கொலை முயற்சி வழக்கு. ஆறு பேருக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. கட்டை இவன் கையில் இருந்ததாக இரண்டு சாட்சிகள் சொன்னதால் விழுப்புரம் செஷன்ஸ் கோர்ட்டில் இவன் மனு மட்டும் இரண்டு முறை தள்ளுபடி ஆகியிருந்தது.

வக்காலத்து வருவதற்கு ஒரு வாரம் முன்பு அவன் அம்மா அலுவலகத்துக்கு வந்திருந்தார். "மனு பாக்க உடல அய்யா. அவனுக்கு மனு கட் பண்ணிட்டாங்களாம். இன்னா தப்புப் பண்ணான்னு கேட்டா வக்கீலக் கேளுன்றாங்க." சிறையில் கைதியைப் போய்ப் பார்ப்பதற்கு நம் பக்கத்தில் மனு பார்ப்பது என்றுதான் பெயர். மனுவை நிறுத்துவது சிறைக்குள் கொடுக்கும் தண்டனைகளில் ஒன்று. ஆனால் அது உள்ளே இருப்பவனுக்கு மட்டும் விழுவதில்லை. அந்த அம்மா ஒருநாள் கூலியை விட்டு, மூன்று பஸ் மாறிப் போய், கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் மத்தியானம்வரை உட்கார்ந்துவிட்டுத் திரும்பியிருந்தார்.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவன் போர்வைக்குள் செல்போன் இருந்ததாகச் சிறை நிர்வாகம் புகார் கொடுக்க, உள்ளூர் போலீஸ் சிறைகள் சட்டம் 42-ஆம் பிரிவில் வழக்குப் போட்டிருந்தது. 1894-இல் வெள்ளைக்காரன் எழுதிய சட்டம் அது. தடை செய்யப்பட்ட பொருளைச் சிறைக்குள் கொண்டுவந்தால் ஆறு மாதம்வரை சிறை, அல்லது 200 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். ஏற்கெனவே உள்ளே இருப்பவனுக்கு இது என்ன பெரிய தண்டனை என்று தோன்றும். ஆபத்து அதில் இல்லை. அடுத்த ஜாமீன் மனுவில் அரசு வக்கீல் எழுந்து "சிறைக்குள்ளேயே செல்போன் வைத்திருந்தவர், கனம் கோர்ட்டார் அவர்களே" என்று ஒரு வரி சொன்னால் போதும், உட்கார்ந்துவிடலாம்.

அவனைப் பார்க்கப் போனேன். வலது கையில் முழங்கை வரை மாவுக்கட்டு.

"என்னப்பா ஆச்சு?"

"பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டேன் சார்."

தமிழ்நாட்டில் குற்றங்களைக் குறைப்பதில் கழிவறைத் தரைகளுக்கு உள்ள பங்கை யாராவது ஆராயலாம். காவல் நிலையத்திலும் சிறையிலும் அவ்வளவு பேர் வழுக்கி விழுகிறார்கள். மாவுக்கட்டோடு படம் வருகிறது, ஜனங்களும் சிரித்தபடி அதைப் பகிர்கிறார்கள். அதே தரையில் நாள் முழுக்கப் பூட்ஸோடு நடக்கும் ஒரு காவலர் இதுவரை வழுக்கி விழுந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

"எப்போ விழுந்தே?"

"பதினேழாந்தேதி சார்."

"காலையிலயா, சாயந்திரமா?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. நான்கு அடி தள்ளி நின்ற வார்டரைப் பார்த்தான். தேதி சொல்லிக் கொடுத்தவர்கள் நேரம் சொல்லிக் கொடுக்க மறந்திருந்தார்கள்.

முதல் தகவல் அறிக்கையின் நகலும் சிறை நிர்வாகம் போலீஸுக்குக் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தின் நகலும் என் கையில் இருந்தன. திரும்பி வரும்போது பஸ் விழுப்புரம் புறவழிச்சாலையில் ஏறியது. பக்கத்துச் சீட்டுக்காரர் தூங்கி என் தோளில் சாய்ந்துகொண்டிருந்தார். வாக்குமூலத்தை மூன்றாவது முறையாகப் படித்தபோதுதான் உறைத்தது. சோதனையில் போன் பிடிபட்டது 14-ஆம் தேதி இரவு. 'அது என்னுடையதுதான்' என்று அவன் மனமுவந்து எழுதிக் கொடுத்தது 15-ஆம் தேதி காலை. வழுக்கி விழுந்தது 17. ஆனால் 15-ஆம் தேதி வாக்குமூலத்திலும் கையெழுத்து இல்லை. இடது கைப் பெருவிரல்தான். வலது கை 17-ஆம் தேதிதான் உடைந்தது என்றால், 15-ஆம் தேதி அவன் ஏன் பேனாவைப் பிடிக்கவில்லை?

இவ்வளவு தெளிவாக எதிர்த்தரப்பு தானே ஒப்புக்கொண்ட இடம் என் தொழிலில் அதிகம் கிடைத்ததில்லை. அன்றிரவே மனு எழுதினேன். நடுவர் அரசு மருத்துவமனையில் எக்ஸ்-ரே எடுக்க உத்தரவிட்டார். மணிக்கட்டுக்கு மேலே இரண்டு எலும்பும் உடைந்திருந்தன. எப்போது உடைந்தது என்று நாள் குறித்துச் சொல்ல முடியாது என்று டாக்டர் எழுதிவிட்டார். டாக்டர்கள் அப்படித்தான் எழுதுவார்கள், அதில் தப்பும் இல்லை. நடுவர் சிறை நிர்வாகத்திடம் விளக்கம் கேட்டார். மனுவின் நகல் ஒன்றை எழும்பூரில் உள்ள சிறைத் துறைத் தலைமை அலுவலகத்துக்கும் அனுப்பியிருந்தேன். அதன் பேரில்தான் விஜிலென்ஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர் விசாரிக்க வந்தார்.

சிறைத் துறைக்கு விஜிலென்ஸ் என்று ஒரு பிரிவு இருப்பது வெளியே பலருக்குத் தெரியாது. போலீஸ் துறையிலிருந்து அயல்பணியாக ஆட்களை வாங்கி நடத்துவார்கள். போலீஸ்காரர் பார்வையில் அது தண்டனைப் பணியிடம். சிறைக்காரர் பார்வையில் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் உளவாளி. இரண்டு பக்கமும் ஒட்டாத வேலை. நானும் அவரை நம்பவில்லை. தன் துறையைத் தானே விசாரிக்க வருகிறவர் முதலில் கட்சிக்காரனின் வக்கீலிடம் எவ்வளவு தெரியும் என்று அளந்து பார்க்கத்தான் வருவார் என்று நினைத்தேன்.

அலுவலகத்துக்கு வர வேண்டாம், விழுப்புரம் ஜங்ஷனில் பார்க்கலாம் என்று போனில் சொன்னார். திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி, சென்னை என்று ஐந்து பக்கம் தண்டவாளம் பிரியும் ஊர் அது. எந்த நேரத்தில் யார் எதற்கு அங்கே உட்கார்ந்திருந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். ஐம்பதைத் தொடும் வயது, செஞ்சிப் பக்கத்துப் பேச்சு, பேண்ட் பாக்கெட்டில் மடித்து வைத்த நாற்பது பக்க நோட்டு. அவருடைய வண்டி ஒன்றரை மணி நேரம் தாமதம். தென்னக ரயில்வேக்கு நான் கடன்பட்ட ஒரே சந்தர்ப்பம்.

"வெளியில ஒரு கொலை நடந்தா சாட்சியத் தேடி அலையணும் சார். இங்க சாட்சி எல்லாம் எண்ணி வெச்ச மாதிரி ஒரே இடத்துல இருப்பாங்க. காலையில எண்ணுவாங்க, சாயந்திரம் எண்ணுவாங்க. ஆனா ஒருத்தனும் கிடைக்க மாட்டான்."

அந்த பிளாக்கில் அன்றிரவு பையனைத் தவிர 11 பேர். 11 பேரும் தூங்கிக்கொண்டிருந்ததாகச் சொல்லியிருந்தார்கள். அதை அவர் பொய் என்றுகூடச் சொல்லவில்லை.

"ஆறு மணிக்கு லாக்-அப். நான் ஆறரைக்கு லாட்ஜுக்குப் போயிடுவேன். என்கிட்டப் பேசினவன் அங்கயே இருப்பான். யாரைப் பத்திச் சொன்னானோ அவர் கையிலதான் சாவி இருக்கும். நானா இருந்தாலும் தூங்கினேன்னுதான் சொல்லுவேன்."

அவர் வேலை செய்யும் விதம் எனக்குப் புதிதாக இருந்தது. பிளாக்கில் இருந்த எல்லாரையும் கூப்பிடுவார். ஒவ்வொருவருக்கும் சரியாக இருபது நிமிடம். வாயைத் திறக்காதவனோடு மழை, மணிலாக்கொட்டை விளைச்சல், எந்த ஊரில் பெண் எடுத்தாய் என்று பேசி இருபது நிமிடத்தை ஓட்டிவிடுவார். விஷயம் சொன்னவனையும் இருபதாவது நிமிடத்தில் அனுப்பிவிடுவார், பாதி வாக்கியத்தில் நின்றாலும் சரி. வெளியே நிற்பவர்கள் கடிகாரத்தைப் பார்த்து யார் கக்கினான் என்று கணக்குப் போடக் கூடாது. சிறையில் டீ குடிக்க மாட்டார். கொண்டுவந்து வைப்பவன் கைதி. டம்ளரை எடுக்க வரும்போது காதில் என்ன விழும் என்று சொல்ல முடியாது. முதல் நாள் யாருடைய பெயரையும் கேட்பதில்லை. யாரிடம் திடீரென்று பீடி அதிகமாகியிருக்கிறது என்று மட்டும் பார்ப்பார். உள்ளே பீடிதான் பணம்.

வார்டர்களைப் பற்றி அவரிடம் வன்மம் இல்லை. அதையும் சொல்ல வேண்டும். "அவங்களும் அங்க கைதிதான் சார், சம்பளம் வாங்குற கைதி. எல்லாரும் ஒரே குவார்ட்டர்ஸ், ஒரே குழாயில தண்ணி. ஒருத்தன் எழுதிக் குடுத்தா மறுநாள் அவன் சம்சாரத்துக்குக் குடம் வைக்க இடம் கிடைக்காது."

போனின் கதையையும் சொன்னார். அதன் எண்ணை வைத்து எந்தெந்த சிம் அதில் ஓடியது என்று வாங்கிப் பார்த்துவிட்டார். டவர் இருப்பிடத்தால் பயன் இல்லை: சிறை பிளாக், காவலர் குடியிருப்பு, எதிரே இருக்கும் பரோட்டாக் கடை மூன்றும் ஒரே டவருக்குள். ஆனால் அந்தப் போனிலிருந்து நிறையப் பேசிய ஒரு மாலை நேரத்தில் பையன் சிறையிலேயே இல்லை. திண்டிவனம் கோர்ட்டில் வாய்தா முடிந்து ஆயுதப்படை வழிக்காவலோடு வேனில் வந்துகொண்டிருந்தான். "அதனால போன் அவனது இல்லன்னு ஆயிடாது சார். ஒரே போன் பத்துப் பேர் கையில சுத்தும். அவன் மட்டும் வெச்சிருக்கலன்னு ஆகும், அவ்வளவுதான்." தனக்குச் சாதகமாக வரும் விஷயத்தையும் அளந்து பேசுகிற போலீஸ் அதிகாரியை நான் அதிகம் பார்த்ததில்லை.

என் சந்தேகத்தை நேராகவே கேட்டேன். சிறைத் துறையே சிறைத் துறையை விசாரித்து என்ன ஆகப் போகிறது? அவர் சிரித்தார். எமர்ஜென்சியில், 1976 பிப்ரவரியில் சென்னை மத்திய சிறையில் மிசா கைதிகளை அடித்ததை விசாரித்த நீதிபதி மு.மு. இஸ்மாயில் கமிஷனைப் பற்றிப் பேச்சை எடுத்தார். கம்பனில் ஊறிய நீதிபதி அவர். அடிபட்டவர்கள் சாதாரண ஆட்கள் அல்ல. முன்னாள் மேயரும் எம்.பி.யுமான சிட்டிபாபு அங்கே பட்ட அடிக்குப் பிறகு தேறவே இல்லை. 1977 ஜனவரியில் இறந்தார். அடிபட்ட இன்னொருவர் மு.க. ஸ்டாலின். "அவங்களுக்கே எமர்ஜென்சி முடிஞ்சு ஆட்சி மாறின பிறகுதான் கமிஷன் வந்துது. உங்க பையனுக்கு யார் சார் கமிஷன் போடுவா? நான்தான்."

மறுத்துப் பேச எனக்கு எதுவும் தோன்றவில்லை. எங்கள் மாவட்டத்திலேயே 2001-இல் செஞ்சி கிளைச் சிறையில் இருந்த ஓர் இளம்பெண்ணுக்கு நேர்ந்த பாலியல் கொடுமை உயர் நீதிமன்றம் வரை போன பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. அந்தப் பெண்ணின் பெயரைச் சட்டம் எழுத விடாது. கிளைச் சிறை என்பது பல ஊரில் தாலுகா ஆபீஸ் வளாகத்துக்குள்ளேயே ஓட்டுக் கட்டடமாக இருக்கும். நூறு பேர் பட்டாவுக்கும் சான்றிதழுக்கும் நிற்கிற இடம். சுவருக்கு இந்தப் பக்கம் எதுவும் கேட்காது.

இங்கிலாந்தில் 2004 முதல் சிறையில் யார் இறந்தாலும் அதை விசாரிப்பது சிறைத் துறைக்கு வெளியே இருக்கும் ஒரு குறைதீர் அதிகாரியின் அலுவலகம். அமெரிக்காவில் டெக்ஸாஸ் போன்ற மாநிலங்களில் சிறைக்குள் நடக்கும் குற்றங்களைப் புலனாய்வு செய்வதற்கென்றே கைது அதிகாரத்தோடு தனி ஆட்கள் இருக்கிறார்கள். நம் ஊரில் உச்ச நீதிமன்றம் 1979-இல் ஒரு வழி சொன்னது. திகார் சிறையில் பக்கத்துக் கைதி ஒருவரை வார்டர் சித்திரவதை செய்ததை சுனில் பத்ரா என்ற மரண தண்டனைக் கைதி நீதிபதிக்குக் கடிதமாக எழுத, நீதிபதி கிருஷ்ணய்யர் அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டார். சிறைதோறும் குறைப் பெட்டி வையுங்கள், அது மாவட்ட நீதிபதி, கலெக்டர் பொறுப்பில் இருக்கட்டும் என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. நான் பார்த்த அந்தச் சிறையிலும் பெட்டி இருந்தது. அதற்கு நேர் எதிரே வார்டர் உட்காரும் ஸ்டூலும் இருந்தது.

இன்ஸ்பெக்டர் மனிதர்களை விட்டுவிட்டுப் புத்தகங்களைப் பிடித்தார். டூட்டி ரோஸ்டர், கேட் புத்தகம், சிறை மருத்துவமனையின் வெளிநோயாளி ரிஜிஸ்டர். எல்லாம் சுத்தமாக இருந்தன. 17-ஆம் தேதி காலை, வழுக்கி விழுந்ததில் வலது கையில் வீக்கம், வெளி மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். அதற்கு முந்தைய மூன்று நாளில் அவன் பெயரே இல்லை. "ரொம்பச் சுத்தமா இருந்தா எனக்குப் பிடிக்காது சார்," என்றார். மருந்து இருப்புப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆடிட்டுக்கு மட்டும் தேவைப்படுவது. 15-ஆம் தேதி விடியற்காலைக் கணக்கில் கிரேப் பேண்டேஜ் ஒன்று, வலி ஊசி ஒன்று குறைந்திருந்தன. யாருக்கு என்று எழுதவில்லை. அன்றைய வெளிநோயாளிப் பட்டியலில் பேண்டேஜ் கட்டிக்கொண்டவர் யாரும் இல்லை.

யார் கையில் கட்டினார்கள் என்பது ஒருவருக்குத்தான் தெரியும். மருத்துவமனையில் கூடமாட ஒத்தாசைக்கு வைத்திருந்த ஒரு தண்டனைக் கைதி. அறுபதைத் தாண்டியவர், சொந்த ஊர் விழுப்புரத்துக்குப் பக்கம், வரப்புத் தகராறில் பங்காளியை வெட்டிவிட்டு வந்தவர். இருபது நிமிடக் கணக்கில் இன்ஸ்பெக்டர் அவரோடு மணிலா பற்றிப் பேசியிருக்கிறார். பதினெட்டாவது நிமிடத்தில் அவராகவே சொன்னாராம்: "அந்தப் புள்ளைக்கு நான்தான் கட்டுனேன். விடிய நாலு மணி. கத்தக் கூடாதுன்னு துண்ட வாயில வெச்சிருந்தாங்க."

நடந்தது இதுதான். போன் வேறு ஒருவருடையது. பணமும் ஆளும் உள்ள ஒருவர். தலைமையிலிருந்து திடீர்ச் சோதனை வரப்போகும் தகவல் முன்கூட்டியே கசிந்துவிட்டது. போனை யாருடைய போர்வையிலாவது வைத்தாக வேண்டும். வழக்கமாகக் கேட்பாரில்லாத ஒருவன் ஏற்றுக்கொள்வான், பதிலுக்கு நான்கு கட்டுப் பீடி வரும். இந்தப் பையன் மாட்டேன் என்றிருக்கிறான். ஜாமீன் கிடைக்காமல் போய்விடுமே என்ற பயம்.

அன்று வண்டி வருவதற்கு முன் இன்ஸ்பெக்டர் என்னிடம் ஒன்று கேட்டார். "பெரியவர் பேரு மட்டும் இப்ப வெளிய வர வேணாம் சார். அவரு தண்டனைக் கழிவெல்லாம் கணக்குப் போட்டா நாலு மாசத்துல வெளிய வந்துடுவாரு. வந்த பிறகு நீங்க கோர்ட்டுக்குக் கூப்பிட்டுக்குங்க. அதுவரைக்கும் மருந்துப் புத்தகத்த வெச்சு ஓட்டுங்க."

சரி என்றேன். ஒரு மாதம் ஓட்டினேன். விழுப்புரத்தில் மூன்றாவது ஜாமீன் மனு நம்பரானது. கைநாட்டு வாதம் நீதிபதிக்குப் பிடித்திருந்தது. கண்ணாடியைக் கழற்றி இரண்டு வக்காலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஆனால் அரசு வக்கீல், வழுக்கி விழுவதற்கு முன்பே கையில் ஏதோ சிராய்ப்பு இருந்திருக்கலாம், அதனால் கைநாட்டு வைத்திருக்கலாம், யூகத்தின் பேரில் ஒரு நிர்வாகத்தைக் குற்றம் சொல்ல முடியாது என்றார். நேரடி சாட்சி உண்டா என்று நீதிபதி கேட்டார். வெளியே பையனின் அம்மா, உப்பு அரித்த பாதத்தோடு, படியில் உட்கார்ந்திருந்தார். அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோபப்பட்டுச் சமாளித்திருப்பேன்.

அடுத்த வாய்தாவில் கூடுதல் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தேன். அதில் பெரியவரின் பெயரும் கைதி எண்ணும் இருந்தன.

பையனுக்கு ஜாமீன் கிடைத்தது. பத்திரத்தின் நகல் அரசு வக்கீலுக்குப் போய், அங்கிருந்து அறிக்கை கேட்டுச் சிறைக்குப் போக இரண்டு நாள் ஆகியிருக்கும். மூன்றாவது நாள் இன்ஸ்பெக்டர் போன் செய்தார். திட்டவில்லை. "மாத்தச் சொல்லி எழுதிட்டேன் சார். வேற வழி இல்ல," என்றார். அந்த வாரமே பெரியவரைப் பாதுகாப்புக் காரணம் காட்டிப் பாளையங்கோட்டைக்கு மாற்றினார்கள்.

சிறைக்குள் ஒரு சாட்சியைக் காப்பாற்றவும் அவர்களிடம் இருக்கும் கருவி அதுதான், ஒருவனைத் தண்டிக்கவும் அதுதான். உத்தரவின் வாசகம்கூட ஒன்றேதான்: நிர்வாக நலன் கருதி. 2024-இல் வேலூர் மத்திய சிறையின் ஆயுள் கைதி ஒருவரை டி.ஐ.ஜி. வீட்டில் வேலை வாங்கி, திருட்டுப் பட்டம் கட்டி, தனிச் சிறையில் போட்டு அடித்தார்கள் என்று அவருடைய அம்மா உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது, விசாரணை சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. அந்தக் கைதியைச் சேலம் சிறைக்கு மாற்றினார்கள். செய்தியைப் படித்தபோது அவர் அம்மாவுக்கு சேலம் எத்தனை பஸ் என்றுதான் எனக்குத் தோன்றியது. 2020-இல் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் அடிபட்டு ஜெயராஜும் பென்னிக்ஸும் இறந்த பிறகு, கோவில்பட்டி கிளைச் சிறையில் சேர்த்த நேரத்தில் அவர்களுக்கு இருந்த காயங்கள் அங்கே பதிவாகியிருந்தன என்று படித்தபோது அந்த மருந்து இருப்புப் புத்தகம் ஞாபகம் வந்தது.

செல்போன் வழக்கு இரண்டு வருடம் இழுத்தது. மகஜர் சாட்சிகளாகப் போட்டிருந்த இரண்டு வார்டர்களில் ஒருவர், கையெழுத்து மட்டும் என்னுடையது என்றார். விடுதலை. துறை விசாரணையில் ஒருவருக்கு ஊதிய உயர்வு நிறுத்தம் என்று கேள்விப்பட்டேன். இன்ஸ்பெக்டர் தாய்த்துறைக்குத் திரும்பிப் போனார். பையனுக்கு மணிக்கட்டு முழுதாகத் திரும்பவில்லை. திண்டிவனத்தில் ஆட்டோ ஓட்டிப் பார்த்தான். ஆக்சிலேட்டரை முறுக்கிப் பிடிக்க முடியவில்லை என்று விட்டுவிட்டான். இப்போது பிரம்மதேசம் பக்கம் ஒரு மளிகைக் கடையில் நிற்கிறான். கணக்கு எழுதுவது இடது கையில்.

பெரியவரின் மனைவி என்னைத் தேடி வந்தது மாற்றல் ஆகி இரண்டு வாரம் கழித்து. யார் சொல்லி அனுப்பினார்களோ தெரியாது. என்னால்தான் இந்த மாற்றல் என்று அவருக்குத் தெரிந்திருந்ததா என்பதும் தெரியாது. நானும் சொல்லவில்லை.

"அய்யா, பாளையங்கோட்டைக்கு எந்த ரயிலு?"

அதுவரை மாதம் இரண்டு முறை காலை பஸ்ஸில் போய் மனு பார்த்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் நேரத்துக்கு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர். விழுப்புரத்தில் ராத்திரி ஏறினால் விடிந்ததும் திருநெல்வேலியில் இறங்கலாம், அங்கிருந்து டவுன் பஸ் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். டிக்கெட்டுக்குப் பணமும் கொடுத்தேன். வாங்க மறுத்துப் பிறகு வாங்கிக்கொண்டார். வெள்ளிக்கிழமை காலை அங்கே இருக்கும்படி கிளம்புங்கள் என்று சொன்னதும் நான்தான்.

அந்த வெள்ளிக்கிழமை அரசு விடுமுறை. விடுமுறை நாளில் மனு கிடையாது. என் நாற்காலிக்குப் பின்னால் தொங்கிய கோர்ட் காலண்டரில் அந்தத் தேதி சிவப்பில் இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை வந்தார். குறை சொல்லவில்லை. பெரிய ஜெயிலு, கேட்டு நல்லா உசரமா இருக்குது என்றார். பிறகு மடியிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்து மேசை மேல் வைத்தார். கடலை உருண்டை.

"அவருக்குன்னு செஞ்சது. திரும்பவும் எப்பப் போவேனோ. நீங்க துண்ணுங்க அய்யா. டப்பாவ மட்டும் அப்புறமா வந்து வாங்கிக்கிறேன்."